கேட்பாரில்லாத ஊரில்

கோபியிலிருந்து திருப்பூர் போகும் காலை பஸ் குன்னத்தூருக்கு வரும்போதே நிறைந்துதான் வரும். பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற கூட்டம். படியில் கால் வைக்க இடம் கிடைத்தால் போதும், மற்றதை உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் கையை நீட்டி நம் சாப்பாட்டுப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். அந்த மடியில் ஏற்கெனவே இரண்டு பை இருக்கும். டிக்கெட் காசு பத்துக் கை மாறிக் கண்டக்டரிடம் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே பத்துக் கை மாறித் திரும்பி வரும். பெருமாநல்லூரில் அவள் இறங்க நேர்ந்தால் பையை அடுத்த மடிக்குத் தள்ளிவிட்டு, "அந்தப் பச்சைத் தாவணிப் புள்ளையோடதுங்" என்று சொல்லிவிட்டு இறங்குவாள். அவள் பேர் எனக்குத் தெரியாது. என் பேர் அவளுக்குத் தெரியாது.

டென்மார்க்கில், நான் இப்போது இருக்கிற ஹெர்னிங் நகரத்துப் பஸ்ஸில் உட்கார எப்போதும் இடம் இருக்கிறது. என் பை என் மடியிலேயே இருக்கிறது. இறங்கும்வரை அதை யாரும் தொடுவதில்லை.

இதற்கெல்லாமா மனசு கனக்கும் என்று உள்ளூரில் இருப்பவர்கள் கேட்கலாம். வெளியூரில் பிழைக்கிறவர்கள் கேட்கமாட்டார்கள். அவர்களுக்குத் தெரியும், எது எப்போது தொண்டையில் வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது.

இந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. "பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா?" என்று நாடு நாடாகக் கேட்டுப் பார்க்கும் ஆய்வுகளில், நம்பலாம் என்று நூற்றுக்கு 70 பேருக்கு மேல் சொல்லும் நாடு இது. ஊருக்கு வெளியே சாலை ஓரத்தில் உருளைக்கிழங்கையும் ஸ்ட்ராபெரியையும் ஒரு பலகைமேல் வைத்து, பக்கத்தில் காசுப் பெட்டியையும் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காவலுக்கு ஆள் கிடையாது. காப்பிக் கடை வாசலில் தள்ளுவண்டியில் குழந்தையைத் தூங்கவிட்டுவிட்டுத் தாய் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். 1997-ல் ஒரு டேனிஷ் தாய் நியூயார்க் போய் இதையே செய்தபோது அங்கே போலீஸ் அவளைக் கைது செய்தது. இங்கே அது அன்றாடக் காட்சி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஆபீஸ் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். என்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. 1968-லிருந்து இந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. எனக்கும் ஒன்று தந்திருக்கிறார்கள். அந்த எண் இருந்தால் ஆஸ்பத்திரி, பேங்க், நூலகம் எல்லாம் திறக்கிறது.

இந்த ஊர் என்னை நம்புகிறது. நான் யார் என்று தெரிந்துகொள்ளாமலே நம்புகிறது. எவ்வளவு பெரிய வசதி அது. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற டிசம்பரில், விளக்கைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும்போது தோன்றுகிறது: என்னை நம்புவதற்கு இவர்களுக்கு நான் தேவைப்படவே இல்லை.

என்னென்ன போயிற்று என்பது ஒவ்வொன்றாகத்தான் தெரிய வந்தது.

முதலில் போனது ஒரு சத்தம். எங்கள் பக்கத்தில் யாரும் விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்துவிடமாட்டார்கள். வாசலில் நின்று, "ஏனுங்… வூட்ல ஆருங்?" என்று குரல் கொடுப்பார்கள். நாய் குரைக்கும். அமுச்சி, என் அம்மாவைப் பெற்றவர், உள்ளே அடுப்படியில் இருப்பார். அங்கிருந்தே, வந்திருப்பது யார் என்று பார்க்காமலே, "வாங்கோ வாங்கோ, உக்காருங்கோ" என்பார். வரி கட்டச் சொல்லி வந்தவரோ, மாடு விலைக்கு விசாரிக்க வந்தவரோ, சந்தைக்குப் போகிற வழியில் வெயிலுக்கு ஒதுங்கினவரோ, எல்லாருக்கும் முதலில் அந்த வாங்கோதான். முகம் பார்ப்பது பிறகு. திண்ணையில் உட்கார்ந்தவருக்குச் சொம்பில் தண்ணீர் வரும். அவர் அண்ணாந்து குடித்து, மேல்துண்டால் வாயைத் துடைத்து, சொம்பைக் கீழே வைக்கும் 'ணங்' என்ற ஓசை. அதற்குப் பிறகுதான் பேச்சு தொடங்கும்.

இங்கே கதவுக்கு மணி இருக்கிறது. இனிமையான மணிதான். பார்சல் வந்தால் அடிக்கும்.

பேச்சு தொடங்குவது எப்போதும் ஒரே கேள்வியில். "எந்தூருங்?" காங்கயம் பக்கம் என்றால், காங்கயத்தில் எங்கே? நத்தக்காடையூர் வழியா, ஊதியூர் வழியா? அங்கே அரிசி மில் வைத்திருப்பவரைத் தெரியுமா? அவர் சம்பந்தி நம்ம சித்தப்பன் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அல்லவா? நாலு பேரைத் தாண்டுவதற்குள் ஒரு பாலம் கிடைத்துவிடும். கிடைத்த உடனே அமுச்சியின் குரல் இறங்கும். அதுவரை வாசலில் இருந்த மனிதர் அந்த நிமிஷத்திலிருந்து ஒறம்பரை, அதாவது உறவுக்காரர், ஆகிவிடுவார். இரண்டாவது கேள்வி அப்போது வரும்: "சாப்டீங்ளா?" சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னாலும் மோராவது குடிக்காமல் போக முடியாது.

சிறுமியாக இருந்தபோது இது எனக்குச் சலிப்பாக இருக்கும். எதற்கு இத்தனை விசாரணை? யாராக இருந்தால் என்ன? இன்றைக்கு ஹெர்னிங்கில், மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டுக்காரர் தலையசைத்துச் சிரித்துவிட்டுக் கடந்து போகும்போது, என் வாயில் வந்து நிற்பது அந்தக் கேள்விதான். உங்களுக்கு எந்த ஊருங்க? யாரெல்லாம் இருக்கிறார்கள்? உங்கள் அம்மா உயிரோடு இருக்கிறாரா? கேட்க முடியாது. கேட்டால் அது அடுத்தவர் வாழ்க்கைக்குள் கால் வைப்பது. அவர் என்னைக் கேட்காமல் இருப்பதும் மரியாதையால்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன.

இரண்டாவதாகப் போனது சனிக்கிழமை சாயங்காலம்.

மாமன் வீட்டுப் பொடக்காளியில், அதாவது புழக்கடையில், தகர ஷெட் போட்டு ஒரு பவர் டேபிள் வைத்திருந்தார். திருப்பூர்க் கம்பெனியில் வெட்டிய துணி கட்டுக்கட்டாக வேனில் வந்து இறங்கும். நீள மேசையில் ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று மெஷின்கள் வரிசையாக நிற்கும். தைத்து, பிசிறு வெட்டி, எண்ணிக் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். குன்னத்தூரைச் சுற்றி இப்படி எத்தனையோ ஷெட்டுகள். மழையை நம்பிப் பிழைத்த பூமி, கிணறு கீழே போகப்போகத் தோட்டத்தை விட்டு மெஷினுக்கு வந்தது. வந்தது உள்ளூர் ஆட்கள் மட்டுமா? தேனி, மதுரை, ராமநாதபுரம் என்று தெற்கேயிருந்து பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள்.

அப்படி ஒருநாள் ஒருவர் வந்தார். ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "வேலை இருக்காண்ணே?" என்றார்.

"எந்தூருப்பா?"

"ஆண்டிபட்டிண்ணே."

"சாப்டியா?"

அவர் பதில் சொல்லவில்லை. மாமன் என்னைப் பார்த்தார். நான் உள்ளே ஓடிப்போய் அமுச்சியிடம் சொல்லி, அரிசியும் பருப்பும் சாப்பாடு ஒரு தட்டில் வாங்கி வந்தேன். வீட்டு எவர்சில்வர் தட்டு, வீட்டு டம்ளர். சாப்பிட்டு முடிந்ததும் மாமன் கழிவுக் கூடையிலிருந்து இரண்டு ரிப் துண்டுகளை எடுத்து நீட்டினார். "இதுல ஒரு தையல் ஓட்டு, பாக்கலாம்." அவர் ஓவர்லாக்கில் உட்கார்ந்து, நூலை ஒருமுறை விரலால் இழுத்துப் பார்த்து, டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரே ஓட்டாக ஓட்டிக் கொடுத்தார். மாமன் அந்தத் தையலை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே பிடித்து இழுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். துணி விரிந்தது, தையலும் அதனோடு விரிந்தது, இடைவெளி விடவில்லை. நூல் அறவில்லை. "மூணாவது மெஷின்ல உக்காரு" என்றார். அன்றைக்கே கைச்செலவுக்கு அட்வான்ஸ், தங்குவதற்கு லைன் வீட்டில் ஓர் அறையின் சாவி. ஒரு காகிதம் கேட்கவில்லை, ஒரு கையெழுத்து வாங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கும். வாரம் முழுக்கக் காதில் இரைந்துகொண்டிருந்தது அடங்கும்போது ஊரே ஒருமுறை மூச்சு விடுவதுபோல இருக்கும். மாமன் நீளமான கணக்கு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார். "எத்தனை டஜனப்பா?" அவர்கள் சொல்வார்கள். இவர் எழுதுவார். அவர்கள் சொன்னதைத்தான் எழுதுவார். பீஸ் ரேட்டைப் பெருக்கி, அட்வான்ஸைக் கழித்து, நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணிக் கொடுப்பார். வாங்குகிறவரும் எண்ணாமல் பையில் வைத்துக்கொள்வார். யார் யாரை நம்பினார்கள் அங்கே? எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த நோட்டும், டீயும் போண்டாவும் வந்த வாளியும், அவசரமாகத் தலை வாரிக்கொண்டு சினிமாவுக்குக் கிளம்பின பையன்களும், எல்லாம் சேர்ந்த ஒரு சாயங்காலம் அது. என் சம்பளம் இப்போது மாதக் கடைசியில் தானாக பேங்குக்கு வந்துவிடுகிறது. ஒரு நாள் பிசகாது. யார் கையிலிருந்தும் வருவதில்லை.

மூன்றாவது, அமுச்சியின் குரல். அதைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. நான் இங்கே வந்த பிறகு போனில் பேசும்போதெல்லாம் முடிவில் ஒன்று கேட்பார். "அங்க உன்னய ஆராச்சும் சாப்டியானு கேக்கறாங்ளா கண்ணு?" கேக்கறாங்க அமுச்சி என்பேன். அவர் நம்பவில்லை என்பது குரலில் தெரியும். நம்பின மாதிரி, "அப்பறம் என்ன, நல்ல சனந்தான்" என்று சொல்லிவிட்டு வைப்பார். இப்போது அந்த எண்ணில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

ஏக்கம் எதையும் பொன்னாக்கிவிடும். அதனால் அந்த ஆண்டிபட்டிக்காரரின் கதையை நான் பாதியில் நிறுத்தக் கூடாது.

வந்து கொஞ்ச நாளில் அவர் எந்தச் சாதி என்பது வீட்டுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று தெரியாது. எங்கள் ஊரில் அது தெரியாமல் இருக்காது. அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை போகவில்லை, கூலி குறையவில்லை, அவர் சொன்ன டஜன் கணக்கு அப்படியேதான் நோட்டில் ஏறியது. ஒன்றே ஒன்றுதான் நடந்தது. அவருக்கு மட்டும் டீ பேப்பர் கப்பில் வந்தது. அந்தக் கப்பை முதல்முறை கையில் வாங்கியபோது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. குடித்துவிட்டு, கசக்கி, வெளியே போய்ப் போட்டுவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தார். அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

எந்தூருங், சாப்டீங்ளா என்ற இரண்டு கேள்விகளுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒன்று எப்போதும் காத்துக்கொண்டிருந்தது. சொந்தச் சாதிக்காரர்களிடம் அதை, எந்தக் கூட்டமுங், அதாவது எந்தக் குலம் என்று வாய்விட்டே கேட்பார்கள். மற்றவர்களிடம் கேட்காமல் தெரிந்துகொள்வார்கள். திண்ணையா, வாசலா, வாசலுக்கும் வெளியே வேப்பமரத்தடியா என்பதை அந்தக் கேள்விதான் முடிவு செய்தது. எங்கள் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட அருந்ததியர் குடும்பங்களை அமுச்சிக்குப் பேர் பேராகத் தெரியும். நாலு பேரைத் தாண்டித் தேட வேண்டிய பாலமே அங்கே இல்லை. அவ்வளவு தெரிந்திருந்தும் சொம்பு அவர்களுக்கு வரவில்லை.

திருப்பூரின் தொழிலே இப்படித் தெரிந்தவர்களை நம்பும் நம்பிக்கைமேல் எழுந்ததுதான். துணி, ஒரு கையெழுத்துக்கூட இல்லாத சலானோடு நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பாக்டிங்குக்கும், பிரின்டிங்குக்கும் போகும். "நம்ம பையன்தானுங்" என்ற ஒரு சொல்லுக்கு லட்சக்கணக்கில் சரக்கு கை மாறும். தோட்டத்திலிருந்து வந்த கவுண்டர்கள் தொழிலாளியாகித் தொழிலதிபரான கதையை ஷரத் சாரி 2004-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். அதே 2004-ல் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உள்ளூர்ச் சமூகத்தார் அதிக முதலோடு தொடங்குகிறார்கள், வெளியூர்க்காரர்கள் குறைந்த முதலில் தொடங்குகிறார்கள், ஆனாலும் வெளியூர்க்காரர்கள்தான் வேகமாக வளர்ந்து மேலே போகிறார்கள் என்று அது சொன்னது. திறமை ஒரு பக்கம் இருக்க, பணம் இன்னொரு பக்கம் போயிருக்கிறது. படித்தபோது எனக்குத் தோன்றியது ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த அந்தத் தையல்தான். கையைச் சோதித்தவருக்கு அந்த மனிதனை நம்பத் தெரிந்தது. அதற்குப் பிறகு சாதி வந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்று எத்தனையோ இரவு நினைத்ததுண்டு. ஆனால் போய்ச் சேர வேண்டிய இடம் அங்கே இல்லை.

பெருந்துறை தாலுகா, ஈரோடு மாவட்டம் என்று எழுதிப் பழகின விலாசம்கூட மாறிவிட்டது. 2009-ல் திருப்பூர் மாவட்டம் வந்தது. 2013 ஏப்ரல் 24-ம் தேதி வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு ஆடை வாங்கும் வெளிநாட்டு பையர்கள் ஒவ்வொரு கம்பெனியிடமும் காகிதம் கேட்டார்கள். கேட்கத்தான் வேண்டும், காகிதம் இல்லாத இடத்தில் சாகிறவர்கள் தைக்கிறவர்கள்தான். வயதுச் சான்று, அடையாள அட்டை, கேமரா, வருகைப் பதிவுக்கு விரல் ரேகை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு ஜாப் ஒர்க் சலானும் கணக்குக்குள் வந்தது. மாமனின் நீள நோட்டு பரணுக்குப் போனது. பிறகு ஷெட்டே மூடப்பட்டது. வீட்டு வாசலில் இப்போது கேட் இருக்கிறது. குரல் கொடுக்க வேண்டியதில்லை, போன் பண்ணிவிட்டுத்தான் வருகிறார்கள்.

தெற்கேயிருந்து வந்தவர்களுக்குப் பின்னால் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களிடம் எந்தூருங் என்று கேட்டால் வருகிற பதிலில் பாலம் போட அமுச்சியிடம் ஒரு பேரும் இல்லை. ஆனாலும் கடைசிக் காலத்தில் தெருவில் போகும் ஒடியாப் பெண்களை நிறுத்தி, கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டி, "சாப்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்கள் முதலில் கற்ற தமிழ் அதுதான். "சாப்டே, சாப்டே" என்று சிரித்துக்கொண்டு போவார்கள். 2023 மார்ச் தொடக்கத்தில், வடக்கத்தித் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. எங்கேயோ நடந்ததை இங்கே நடந்ததாகக் காட்டிய படங்கள். அவற்றைப் பார்த்துப் பயந்து பிள்ளைகள் ரயில் ஏறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பல வருஷம் ஒரே லைன் வீட்டில் குடியிருந்தும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமல் இருந்தால், ஒரு பொய்க்கு எதிராக வைக்க நம்மிடம் என்ன இருக்கும்?

ஹெர்னிங்கும் ஒரு காலத்தில் பின்னலாடை ஊர்தான். மண் வளமில்லாத இந்த ஜட்லாந்துப் பகுதிக் குடியானவர்கள் குளிர்காலத்தில் கம்பளிக் காலுறை பின்னி, ஊர் ஊராகச் சுமந்துபோய் விற்றுப் பிழைத்திருக்கிறார்கள். இரவில் ஒரு வீட்டில் கூடி, பின்னிக்கொண்டே கதை சொல்வார்களாம். அந்த இரவுகளை வைத்து ஸ்டீன் ஸ்டீன்சன் பிளிக்கர் 1842-ல் இந்த ஊர்ப்பக்கத்துப் பேச்சிலேயே ஒரு புத்தகம் எழுதினார். பின்னாளில் மில்கள் வந்தன, வளர்ந்தன, தையல் வேலை ஆசியாவுக்குப் போனது. பழைய துணி மில் ஒன்று மியூசியமாகியிருந்தது. அங்கே நின்ற மெஷின்களைப் பார்த்தபோது, இந்த ஊரிலும் யாரோ ஒரு கிழவிக்கு இதே ஏக்கம் இருந்திருக்கும் என்று பட்டது. அவளிடம் போய் உட்கார்ந்து பேச ஆசையாக இருந்தது.

என் வேலை என்ன தெரியுமா? திருப்பூரிலிருந்து வருகிற ஆடிட் அறிக்கைகளைப் படித்து, இந்தக் கம்பெனியை நம்பலாமா என்று குறிப்பு எழுதுவது. சம்பளப் பதிவேடு, தீயணைப்புச் சான்று, கழிவறை எண்ணிக்கை. எல்லாம் இருக்க வேண்டியவை. ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சில சமயம் அறிக்கையோடு வரும் படத்தில் ஓவர்லாக்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் முகம் தெரியும். அவள் எந்த ஊர், சாப்பிட்டாளா என்பதற்கு அந்த அறிக்கையில் கட்டம் இல்லை.

எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். கேட் போட்டு, மதில் கட்டி, கேமரா வைத்து, ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொண்ட என் ஊரில் முதல் இரண்டு கேள்விகளும் கரைந்துகொண்டு வருகின்றன. மூன்றாவது மட்டும் கரையவில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போகிற யாரையும் விசாரித்துப் பாருங்கள். ஆதாரில் இல்லாத அந்த ஒன்றை வீட்டுக்காரர் வேறு எப்படியாவது தெரிந்துகொண்டுதான் சாவியைத் தருகிறார்.

என்னைப் போலத் தூரத்தில் இருந்துகொண்டு ஊரை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எதற்கு ஏங்குகிறோம் என்பதைப் பிரித்து வைத்துக்கொள்வோம். முகம் பார்க்கும் முன்பே வருகிற வாங்கோ, பேர் தெரியாதவரின் மடியில் பத்திரமாய் இருக்கும் பை, எண்ணாமல் வாங்கின கூலி, சாப்டியா கண்ணு என்ற குரல்: இவை போனதற்கு நான் சாகும்வரை அழுவேன். அந்தப் பேப்பர் கப்பையும் சேர்த்துத்தான் ஊர் என்றால், ஊரை அப்படியே எனக்கு யாரும் திருப்பித் தர வேண்டாம்.